ஜென்கின்ஸ் சேர்வருக்குக் கிட்ஹப் கதவு திறக்காதபோது: புதியவர்களுக்கான படிப்படி வழிகாட்டி

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படித்து முடித்து, மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ இயங்கும் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்தவர்களுக்கு, அங்குள்ள ஜென்கின்ஸ் சேர்வரை (நிரலைத் தானாகவே எடுத்துத் தொகுத்துச் சோதிக்கும் மென்பொருள் ஓடும் கணினியை) பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எதிர்பார்ப்பதைவிட விரைவிலேயே கைக்கு வந்துவிடுகிறது. அதுவரை ஒழுங்காக ஓடிய ஜொப் (ஜென்கின்ஸில் அமைத்த தானியங்கி வேலை) ஒன்று ஒரு காலையில், நிரல்கள் சேமிக்கப்படும் கிட்ஹப் தளத்திலிருந்து நிரலை எடுக்கும் முதற்கட்டத்திலேயே நின்றுவிடும். வாடிக்கையாளர் கொழும்பிலோ லண்டனிலோ காத்திருப்பார். இணையத்தில் தேடினால் ஒருவர் ‘சரிபார்ப்பை அணைத்துவிடுங்கள்’ என்பார், இன்னொருவர் ‘டோக்கனை (கடவுச்சொல்லுக்குப் பதிலான இரகசிய எழுத்துக்கோவையை) முகவரிக்குள்ளேயே எழுதிவிடுங்கள்’ என்பார். இவை இரண்டும் ஜொப்பை ஓட வைக்கலாம். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும், அடுத்த முறை அது வேறு உருவில் திரும்பி வரும். இவ்வழிகளில் நெடுநேரம் அலைந்து களைத்த பிறகே இதை எழுதுகிறேன். நீங்கள் அவ்வாறு அலைய வேண்டியதில்லை.

இங்கே சொல்லப்படுபவை உபுண்டு (லினக்ஸ் வகை) கணினியில் நிறுவப்பட்ட ஜென்கின்ஸையும், கிட்ஹப்பில் உள்ள தனியார் ரெப்போவையும் (நிரல் களஞ்சியத்தையும்) மனத்திற்கொண்டவை. கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாப்பைப் பயன்படுத்துவோருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடத்தை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

சேர்வரில் சூடூ அதிகாரம் (நிருவாகியாகவோ வேறு பயனராகவோ கட்டளை ஓட்டும் உரிமை) உள்ள ஒரு கணக்கு, ஜென்கின்ஸில் கிரெடென்ஷியல் (அங்கே சேமித்துவைக்கும் சாவி அல்லது டோக்கன்) சேர்க்கும் அனுமதி, ரெப்போவின் சரியான முகவரி, தோல்வியடைந்த பில்டின் (ஜொப்பின் ஓர் ஓட்டத்தின்) முழுக் கொன்சோல் பதிவு ஆகிய நான்கையும் முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதாக, ரெப்போவில் நிருவாகி அனுமதி யாரிடம் இருக்கிறது என்பதையும் அவரை எந்த நேரத்தில் தொடர்புகொள்ளலாம் என்பதையும் கேட்டறியுங்கள். இதை அற்பமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். தொழில்நுட்ப வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தாலும், அனுமதி கொடுக்க வேண்டியவர் உறக்கத்தில் இருந்தால் அன்றைய நாள் அத்துடன் போய்விடும். நமக்குக் காலை 9 மணியாகும்போது லண்டனில் குளிர்காலத்தில் அதிகாலை 3.30, கோடையில் 4.30. ஆகவே அங்கிருந்து வர வேண்டிய அனுமதிக்கான கோரிக்கையை முந்தைய நாள் மாலையே முழு விவரத்துடன் அனுப்பிவிடுவது நல்லது.

2. கொன்சோல் பதிவில் எந்த வரியைப் பார்ப்பது

சிவப்பு எழுத்தில் நிற்கும் கடைசி வரியிலிருந்து தொடங்காதீர்கள். ஜாவா பிழைகளின் நீண்ட பட்டியலைக் கடந்து மேலே சென்றால், நிரல் பதிப்புகளைக் கையாளும் கருவியான கிட் வேலையைத் தொடங்கும் இடத்தில் ‘யூஸிங் கிரெடென்ஷியல்’ என்றும் அதையடுத்து ஓர் அடையாளப் பெயரும் இருக்கும். அல்லது ‘நோ கிரெடென்ஷியல்ஸ் ஸ்பெசிஃபைட்’ என்று இருக்கும். இரண்டாவது இருந்தால், உங்கள் சாவியையோ டோக்கனையோ ஜென்கின்ஸ் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் புதுச் சாவி உருவாக்குவதால் எந்தப் பயனும் இல்லை. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: கொடுத்த அடையாளப் பெயரில் கிரெடென்ஷியல் எதுவும் கிடைக்கவில்லை என்று ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு, ஜென்கின்ஸ் வெறுங்கையுடன் தொடர்ந்து போய்க் கிட்ஹப்பிடம் தோற்றுத் திரும்பும். அந்த எச்சரிக்கை ஒரே ஒரு வரி என்பதால் பலருடைய கண்ணில் படுவதில்லை.

அதன் பின்னர் கிட் சொல்லும் பிழைச் செய்தியைப் பாருங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைக் காட்டுகிறது. கிட்ஹப்புக்குள் நுழைய இரு வழிகள் உண்டு: எச்டிடிபிஎஸ் வழியில் பயனர்பெயரும் டோக்கனும், எஸ்எஸ்எச் வழியில் சாவியும் நீங்கள் யார் என்பதைக் காட்டும்.

‘குட் நொட் ரீட் யூஸர்நேம்’ என்றால் எச்டிடிபிஎஸ் வழியில் பெயரோ கடவுச்சொல்லோ கொடுக்கப்படவில்லை. ‘ஒதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்றால் ஏதோ கொடுக்கப்பட்டது, ஆனால் அது செல்லாது. ‘ரெப்போசிட்டரி நொட் ஃபவுண்ட்’ என்ற செய்திதான் பலரை ஏமாற்றுவது. தனியார் ரெப்போ ஒன்று இருப்பதையே அனுமதியில்லாதவருக்குக் காட்டக் கூடாது என்பதற்காக, அனுமதி மறுக்கப்படும் இடத்திலும் கிட்ஹப் ‘அப்படி ஒரு ரெப்போ இல்லை’ என்றுதான் பதில் சொல்லும். முகவரியில் எழுத்துப் பிழை இல்லை என்று உறுதியானால், நீங்கள் யார் என்பது கிட்ஹப்புக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் உங்களுக்கு அங்கே இடமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 403 என்ற எண் வந்தால், டோக்கன் உயிரோடு இருக்கிறது, அதற்கு அந்தச் செயலைச் செய்யும் அதிகாரம் இல்லை. ‘பெர்மிஷன் டினைட்’ என்பதுடன் ‘பப்ளிக்கீ’ என்றும் வந்தால் எஸ்எஸ்எச் சாவி ஏற்கப்படவில்லை. ‘ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்’ என்பதற்கும் உங்கள் சாவிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது 5ஆம் படியில் வருகிறது.

3. ஜென்கின்ஸ் பயனராகவே சோதியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு படியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ‘என் கணக்கில் கிட் குளோன் (ரெப்போவைப் படியெடுக்கும் கட்டளை) வேலை செய்கிறதே, ஜென்கின்ஸில் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?’ என்ற கேள்வியைக் கேட்காத புதியவர் இல்லை. உங்கள் கணக்கில் உங்கள் சாவி இருக்கிறது. ஆனால் ஜென்கின்ஸ் ஓடுவது உங்கள் பெயரில் அல்ல. உபுண்டுவில் அதற்கென்று ‘ஜென்கின்ஸ்’ என்ற தனிப் பயனர் இருக்கிறார். அவருடைய வீடு ‘வார்’ கோப்புறைக்குள் ‘லிப்’, அதற்குள் ‘ஜென்கின்ஸ்’ என்ற கோப்புறை.

எனவே சேர்வரில் நுழைந்து, சூடூ கட்டளையுடன் சிறிய ‘யு’ விருப்பத்தில் ஜென்கின்ஸ் என்ற பெயரையும், வீட்டுக் கோப்புறையை மாற்றிக்கொள்வதற்காகப் பெரிய ‘எச்’ விருப்பத்தையும் கொடுத்து, அதன்பின் ‘கிட் எல்எஸ்-ரிமோட்’ என்ற கட்டளையை ரெப்போ முகவரியுடன் ஓட்டுங்கள். இது நிரல் எதையும் இறக்காது. கிளைகளின் பட்டியலை மட்டும் கேட்கும். பட்டியல் வந்தால் நுழைவு சரி. எஸ்எஸ்எச் வழி என்றால், அதே பயனராக எஸ்எஸ்எச் கட்டளையைப் பெரிய ‘டி’ விருப்பத்துடன் கிட்ஹப்பின் ‘கிட்’ பயனரை நோக்கி ஓட்டலாம். நுழைவு சரியானால், உங்கள் பெயரைச் சொல்லி வணக்கம் தெரிவித்துவிட்டு, ஷெல் (கட்டளை ஓட்டும்) வசதி தரப்படமாட்டாது என்று கிட்ஹப் பதில் எழுதும். அதைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வணக்கத்தில் யாருடைய பெயர் வருகிறது என்பதை உன்னித்துப் பாருங்கள்: பல ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவருடைய பெயர் அங்கே வந்தால், கோளாறின் பாதி அங்கேயே தெரிந்துவிடும். சாவி ஒரு ரெப்போவுக்கு மட்டும் உரிய டிப்ளோய் சாவியாக இருந்தால், ஆளின் பெயருக்குப் பதிலாக அந்த ரெப்போவின் பெயரே வரும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜென்கின்ஸ் பயனரின் வீட்டிலுள்ள சாவி ஒன்று. ஜென்கின்ஸ் இணையப் பக்கத்தில் கிரெடென்ஷியலாகச் சேமித்த சாவி மற்றொன்று. ஜொப்பில் கிரெடென்ஷியல் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், ஜென்கின்ஸ் அதைத் தற்காலிகக் கோப்பாக எழுதி அதையே கிட்டிடம் கொடுக்கிறது. ஆகவே முனையத்தில் சோதனை வெற்றி பெற்று ஜொப் மட்டும் தோற்றால், சேமித்த பிரதியே பழுதானது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஜொப், ஜென்கின்ஸ் வேலையை ஒப்படைக்கும் வேறொரு கணினியில் (ஏஜன்ட்) ஓடுகிறது என்றால், மேற்சொன்ன சோதனையை அந்தக் கணினியில், அங்கே ஏஜன்ட் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயரில் செய்ய வேண்டும்.

4. எஸ்எஸ்எச் சாவி

எஸ்எஸ்எச் சாவி என்பது பொதுச் சாவி, தனிச் சாவி என்ற இரு கோப்புகளின் இணை. புதிதாக உருவாக்குவதானால் ஈடி25519 வகையைத் தேர்ந்தெடுங்கள். பழைய டிஎஸ்ஏ வகைச் சாவிகளைக் கிட்ஹப் 2022 மார்ச் மாதத்துடன் முற்றாகக் கைவிட்டுவிட்டது. சாவி இருக்கும் புள்ளி-எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700 என்ற அனுமதியும், தனிச் சாவிக் கோப்புக்கு 600 என்ற அனுமதியும் வேண்டும். இரண்டுக்கும் உரிமையாளர் ஜென்கின்ஸ் பயனராகவே இருக்க வேண்டும். ரூட் (சேர்வரின் தலைமை நிருவாகி) கணக்கில் நின்று சாவியை உருவாக்கிவிட்டு நகர்த்தியவர்கள் உரிமையாளரை மாற்ற மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பொதுச் சாவி கிட்ஹப்புக்கு, தனிச் சாவி ஜென்கின்ஸுக்கு. தனிச் சாவியை ஜென்கின்ஸ் பெட்டியில் ஒட்டும்போதுதான் அதிகமான இடர்கள் வருகின்றன. ‘பிகின்’ என்று தொடங்கும் முதல் வரியும் ‘எண்ட்’ என்று தொடங்கும் கடைசி வரியும், அவற்றின் இரு பக்கத்து ஐந்து ஐந்து கோடுகளும் உட்பட, முழுமையாக வர வேண்டும். கடைசிக் கோட்டுக்குப் பின் ஒரு முறை என்டர் தட்டி வெற்று வரி விடுங்கள். அந்த ஓர் என்டர் இல்லாமல் போனாலோ, வின்டோஸ் நோட்பேட் வழியாக வந்து வரி முடிவுகள் மாறிப்போனாலோ, புதிய உபுண்டுப் பதிப்புகளில் ‘எரர் இன் லிப்கிரிப்டோ’ என்றும் பழையவற்றில் ‘இன்வேலிட் ஃபோர்மட்’ என்றும் செய்தி வரும். அதைத் தொடர்ந்து வரும் ‘பெர்மிஷன் டினைட்’ என்பதை மட்டும் பார்த்தவர்கள் கிட்ஹப் பக்கத்தில் போய்த் தேடிக்கொண்டிருப்பார்கள். தனிச் சாவியை வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளும் வழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. அப்படி அனுப்பிய சாவி இரகசியம் அல்ல. எத்தனை தொலைபேசிகளில் அது தங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கைவிட்டுப் புதிதாக ஒன்றை சேர்வரிலேயே உருவாக்குங்கள்.

பயனர்பெயர் கேட்கும் கட்டத்தில் உங்கள் கிட்ஹப் பெயரை எழுதாதீர்கள். எஸ்எஸ்எச் வழியில் எல்லோருக்கும் பெயர் ‘கிட்’ என்பதுதான். நீங்கள் யார் என்பதைச் சாவியே சொல்லிவிடும்.

டிப்ளோய் சாவியாகச் சேர்ப்பதென்றால், ஒரு சாவியை ஒரு ரெப்போவில் மட்டுமே சேர்க்க முடியும். இரண்டாவது ரெப்போவில் அதையே சேர்க்க முயன்றால் ‘ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கப்படும். ரெப்போக்கள் அதிகமாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சாவி உருவாக்க வேண்டும். இந்தத் தொல்லை இருந்தபோதும், சிறிய அலுவலகங்களுக்கு நான் பரிந்துரைப்பது டிப்ளோய் சாவியைத்தான். அது எந்த ஆளையும் சார்ந்ததல்ல. சேர்த்தவர் ரெப்போவிலிருந்து நீக்கப்பட்டாலும் சாவி வேலை செய்யும். நல்ல வேலை கிடைத்ததும் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவோர் நிறைந்த நம் ஊர்களில், ஒருவருடைய தனிப்பட்ட கணக்கின் மேல் பில்ட் முழுவதையும் நிறுத்தி வைப்பது பாதுகாப்பானது அல்ல. எழுதும் அனுமதியை, உண்மையில் தேவைப்பட்டாலன்றி, டிக் செய்யாமல் விடுங்கள்.

5. எதிர்ச் சேர்வரின் அடையாளம்

‘ஹோஸ்ட் கீ’ (எதிர்ச் சேர்வர் தன் அடையாளமாகக் காட்டும் ஹோஸ்ட் சாவி) பிழை என்பது, எதிரில் இருப்பது உண்மையான கிட்ஹப்தானா என்று உங்கள் கணினி கேட்பது. நீங்கள் முனையத்தில் முதன்முறை இணைந்தபோது ‘யெஸ்’ என்று தட்டியிருப்பீர்கள்; ஜென்கின்ஸுக்கு அவ்வாறு தட்ட ஆள் இல்லை. ஜென்கின்ஸின் பாதுகாப்பு அமைப்புகள் பக்கத்தில் கிட் ஹோஸ்ட் சாவிச் சரிபார்ப்பு என்ற பகுதியில் நான்கு தெரிவுகள் இருக்கும். கிட்ஹப் தன் ஆவணங்களில் வெளியிட்டிருக்கும் ஹோஸ்ட் சாவி வரிகளை எடுத்து, கையால் கொடுக்கும் தெரிவில் ஒட்டிவிடுவதே சிறந்தது. முதல் இணைப்பை ஏற்றுக்கொள்ளும் தெரிவும் பரவாயில்லை. சரிபார்ப்பே வேண்டாம் என்ற நான்காவது தெரிவை மட்டும் எடுக்காதீர்கள்.

2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் சாவியை மாற்றியது. இரகசியமாக இருக்க வேண்டிய அதன் தனிச் சாவி ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளிப்பட்டிருந்ததே காரணம். அதற்கு முன் அமைக்கப்பட்டு, நெடுநாள் தொடாமல் கிடந்த சேர்வரை இப்போது எழுப்பினால், எதிர்ச் சேர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்ற பெரிய எச்சரிக்கையைக் காணக்கூடும். பழைய வரியை எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையின் பெரிய ‘ஆர்’ விருப்பத்தால் நீக்கி, புதிய வரியைச் சேருங்கள். இதையும் ஜென்கின்ஸ் பயனராகவே செய்ய வேண்டும்.

6. டோக்கன் வழி

கிட் வேலைகளுக்குக் கணக்குக் கடவுச்சொல்லை ஏற்பதைக் கிட்ஹப் 2021 ஓகஸ்ட் 13 அன்று நிறுத்திவிட்டது. பழைய காணொளிகளைப் பார்த்து இன்றும் கடவுச்சொல்லை எழுதிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஒருபோதும் வேலை செய்யாது. எச்டிடிபிஎஸ் முகவரி என்றால், ஜென்கின்ஸில் ‘யூஸர்நேம் வித் பாஸ்வேர்ட்’ வகைக் கிரெடென்ஷியலை உருவாக்கி, கடவுச்சொல் கட்டத்தில் டோக்கனை வையுங்கள். ‘சீக்ரெட் டெக்ஸ்ட்’ வகையில் சேமித்தால் அது ஜொப்பின் கிட் பகுதியிலுள்ள பட்டியலில் தோன்றவே தோன்றாது.

நுண் அனுமதி டோக்கனை (எந்த ரெப்போவில் எதைச் செய்யலாம் என்று குறித்துத் தரும் புதிய வகையை) உருவாக்கும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் சொந்தக் கணக்கா, கிட்ஹப்பில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனக் கணக்கா தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பது முதலாவது. ரெப்போ நிறுவனத்துக்குரியது என்றால் அங்கே நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும், உங்கள் பெயர் இருந்தால் ரெப்போ பட்டியலில் கூட வராது. உள்ளடக்கத்தை வாசிக்கும் அனுமதி இருக்கிறதா என்பது இரண்டாவது. நிறுவன நிருவாகியின் ஒப்புதல் நிலுவையில் உள்ளதா என்பது மூன்றாவது. ஒப்புதல் வரும்வரை அந்த டோக்கனால் தனியார் ரெப்போவைத் தொட முடியாது. நிறுவனம் ஒற்றை உள்நுழைவு முறையைக் கட்டாயமாக்கியிருந்தால், பழைய வகை டோக்கனையும் எஸ்எஸ்எச் சாவியையும் அந்த நிறுவனத்துக்கென்று தனியாக அங்கீகரிக்கும் பொத்தான் ஒன்று கணக்கின் அமைப்புகளில் இருக்கிறது.

டோக்கன் ஒரு தடவை மட்டுமே திரையில் காட்டப்படும். பக்கத்தை மூடுவதற்கு முன் ஜென்கின்ஸில் ஒட்டிவிடுங்கள். ஒட்டும்போது முன்னும் பின்னும் வெற்றிடம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலாவதித் தேதியைக் கவனிக்காமல் உருவாக்கினால் 30 நாட்கள் என்ற இயல்பான தெரிவே விழும். ‘போன மாதம் வரை நன்றாகத்தான் ஓடியது’ என்று யாராவது சொன்னால், நான் முதலில் போய்ப் பார்ப்பது டோக்கனின் தேதியைத்தான். கிட்லாப்பில் 2023இல் வந்த 16ஆம் பதிப்பிலிருந்து தனிப்பட்ட டோக்கன்களுக்குக் காலாவதித் தேதி கட்டாயமாக்கப்பட்டது. கிட்ஹப்பில், ஓராண்டு முழுவதும் பயன்படாத டோக்கன் தானாகவே நீக்கப்படும். ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் ஓடும் ஜொப் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

7. ஜென்கின்ஸின் பக்கத்தில் உள்ள பொறிகள்

கிரெடென்ஷியலைச் சேர்க்கும்போது எல்லை என்ற இடத்தில் ‘குளோபல்’, ‘சிஸ்டம்’ என இரண்டு இருக்கும். ‘சிஸ்டம்’ என்றால் ஏஜன்டை இணைப்பது போன்ற ஜென்கின்ஸின் சொந்த வேலைகளுக்கு மட்டும். எந்த ஜொப்புக்கும் அது தெரியாது. பெயரைப் பார்த்து அதுதான் வலிமையானது என்று தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கோப்புறைக்குள் சேர்த்த கிரெடென்ஷியல் அந்தக் கோப்புறைக்கு வெளியேயுள்ள ஜொப்புக்குக் கிடைக்காது.

அடையாளப் பெயரைக் காலியாக விட்டால் ஜென்கின்ஸ் நீண்ட எழுத்துக்கோவை ஒன்றைத் தானே வைத்துக்கொள்ளும். பிறகு அதை மாற்ற முடியாது. தொடக்கத்திலேயே தெளிவான பெயரொன்றை இடுங்கள். டோக்கனைப் புதுப்பிக்கும்போது பழைய கிரெடென்ஷியலை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்காமல், அதையே திறந்து கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால், அந்தப் பெயரைப் பயன்படுத்தும் பைப்லைன்கள் (படிப்படியாக எழுதப்பட்ட ஜொப்கள்) எதையும் தொட வேண்டியிருக்காது.

முகவரியும் கிரெடென்ஷியலும் ஒரே வழியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். எச்டிடிபிஎஸ் முகவரிக்கு எஸ்எஸ்எச் சாவியைக் கொடுத்தாலும், எஸ்எஸ்எச் முகவரிக்கு டோக்கனைக் கொடுத்தாலும் பயனில்லை.

8. எடுக்க முடிகிறது, ஆனால் புஷ் செய்ய முடியவில்லை

ஜொப் நிரலை எடுத்துவிட்டது; பைப்லைனின் நடுவில் ஷெல் படியொன்றில் நீங்கள் எழுதிய ‘கிட் புஷ்’ (மாற்றங்களைக் கிட்ஹப்புக்குத் திருப்பி அனுப்பும் கட்டளை) மட்டும் தோற்கிறது. செக்அவுட் (நிரலை எடுக்கும்) படிக்குக் கொடுத்த கிரெடென்ஷியல் அந்தப் படியுடன் முடிந்துவிடுகிறது. ஷெல்லுக்கு அது போய்ச் சேராது. எச்டிடிபிஎஸ் என்றால் ‘வித்கிரெடென்ஷியல்ஸ்’ தொகுதிக்குள் ‘கிட்யூஸர்நேம்பாஸ்வேர்ட்’ என்ற பிணைப்பையும், எஸ்எஸ்எச் என்றால் ‘எஸ்எஸ்எச்ஏஜன்ட்’ படியையும் பயன்படுத்துங்கள். முன்னையது ஜென்கின்ஸின் கிட் செருகுநிரலின் 4.8 பதிப்பிலிருந்து கிடைக்கிறது.

இந்த இடத்தில்தான் பொறுமையிழந்து டோக்கனை முகவரிக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால், அது பணிக் கோப்புறையிலுள்ள கிட் அமைப்புக் கோப்பில் வெளிப்படையாகப் பதிந்து கிடக்கும். அந்த ஏஜன்டில் ஓடும் வேறு எந்த ஜொப்பும் அதை வாசிக்க முடியும். பைப்லைன் எழுதப்படும் குரூவி மொழியில் ஷெல் கட்டளையை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், இரகசியத்தின் மதிப்பு கட்டளைக்குள்ளேயே நிரப்பப்பட்டுவிடும். ஒற்றை மேற்கோளைப் பயன்படுத்தி, மதிப்பை ஷெல்லே எடுத்துக்கொள்ள விடுங்கள்.

சப்மொடியூல்கள் (ரெப்போவுக்குள் இணைத்த வேறு ரெப்போக்கள்) இருந்தால், தாய் ரெப்போவின் கிரெடென்ஷியலையே பயன்படுத்தும் தெரிவை டிக் செய்ய வேண்டும். சப்மொடியூலின் முகவரியும் தாய் ரெப்போவின் முகவரி வகையிலேயே இருக்க வேண்டும். டிப்ளோய் சாவி ஒரு ரெப்போவுக்கே உரியது என்பதால், இப்படிப்பட்ட திட்டங்களுக்கு மட்டும் டோக்கனோ, எந்த ஆளையும் சாராமல் கிட்ஹப்பில் பதியும் செயலியான கிட்ஹப் ஆப்போ வசதியானது.

9. கடிகாரமும் இணைய வழியும்

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் மின்சாரம் போய் வருவது நமக்குப் புதிதல்ல. அலுவலகத்தின் மூலையில் இருக்கும் பழைய கணினி ஒன்றுதான் பில்ட் சேர்வர் என்றால், மதர்போர்டின் சிறு மின்கலம் தீர்ந்திருக்கும் நிலையில், மின்சாரம் திரும்பி வந்ததும் அதன் கடிகாரம் பின்தங்கி எழும்பலாம். இணையம் வந்து நேரம் சரியாகும் முன்னரே ஜொப் ஓடத் தொடங்கினால், எதிர்ச் சேர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற விசித்திரமான பிழை வரும். கிட்ஹப் ஆப் பயன்படுத்துவோருக்குச் சில நிமிட விலகலே போதும்: ஆப் தன்னை அடையாளப்படுத்தக் கையொப்பமிடும் சீட்டுக்கு அதிகபட்ச ஆயுள் 10 நிமிடம், அதைக் கொடுத்துப் பெறும் டோக்கனுக்கு ஒரு மணித்தியாலம். ‘டேட்’ கட்டளையை ஓட்டி, உங்கள் கைத்தொலைபேசியின் நேரத்துடன் ஒப்பிடுங்கள். நேரம் தவறென்றால் வேறெதையும் தொடும் முன் அதைச் சரிசெய்து, நேர ஒத்திசைவு இயங்குகிறதா என்று பாருங்கள். மின்கலத்தின் விலை மிகச் சிறியது; மாற்றிவிடுங்கள்.

இணைப்பு நெடுநேரம் தொங்கி ‘டைம்ட் அவுட்’ என்று முடிந்தால் அது அனுமதிப் பிரச்சினையே அல்ல. சில வலையமைப்புகளில் எஸ்எஸ்எச்சின் 22ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) மூடப்பட்டிருக்கும். கிட்ஹப் இதற்கென்று தன் பெயருக்கு முன் எஸ்எஸ்எச் என்ற சொல்லைச் சேர்த்த தனி முகவரியில் 443ஆம் போர்ட் வழியாகவும் எஸ்எஸ்எச் இணைப்பை ஏற்கிறது. ஜென்கின்ஸ் பயனரின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் இதை எழுதிவிட்டால் ஜொப்களில் முகவரியை மாற்ற வேண்டியதில்லை. அந்தப் புதிய முகவரிக்கும் ஹோஸ்ட் சாவி வரி தனியாகத் தேவை.

10. செலவு

ஜென்கின்ஸ் இலவசம். கிட்ஹப்பின் இலவசத் திட்டத்தில் 2020 ஏப்ரல் முதல் தனியார் ரெப்போக்களுக்கும் பங்களிப்பாளர் எண்ணிக்கை வரையறை இல்லை. டிப்ளோய் சாவிக்கும் கிட்ஹப் ஆப்புக்கும் கட்டணம் கிடையாது. பில்ட் வேலைக்கென்று தனி இயந்திரக் கணக்கு ஒன்றைத் திறந்து கட்டணத் திட்டத்திலுள்ள நிறுவனத்தில் சேர்த்தால், அதுவும் ஓர் ஆளாகவே எண்ணப்பட்டு மாதந்தோறும் டொலரில் கணக்கிடப்படும். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு இயங்காமல் இருந்து திட்டம் இடையில் தடைப்படுவதைவிட, கட்டணமில்லாத வழியிலேயே வேலையை முடித்துக்கொள்வது சிறிய அலுவலகத்துக்கு நல்லது.

11. சேர்வரை மாற்றும்போது

ஜென்கின்ஸை வேறு கணினிக்கு மாற்றியதும் எல்லா ஜொப்களும் ஒன்றாகத் தோற்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கிரெடென்ஷியல்கள் கோப்பில் மறைகுறியாக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் திறவுகோல்கள் ஜென்கின்ஸ் வீட்டிலுள்ள ‘சீக்ரெட்ஸ்’ என்ற கோப்புறையில் இருக்கின்றன. ஜொப்களையும் கிரெடென்ஷியல் கோப்பையும் மட்டும் படியெடுத்து அந்தக் கோப்புறையை விட்டுவிட்டால், பட்டியலில் பெயர்கள் தோன்றும், உள்ளிருக்கும் இரகசியங்களோ பயனற்றவையாகிவிடும். காப்புப் பிரதி எடுக்கும்போது அந்தக் கோப்புறையையும் எடுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே பென் டிரைவில் போட்டு மேசையில் வைத்துவிடாதீர்கள், ஏனெனில் இரண்டும் கையிலிருக்கும் எவரும் எல்லா டோக்கன்களையும் வாசித்துவிடலாம்.

மாற்றிய பின் ஜென்கின்ஸின் பதிப்பையும் பாருங்கள். 2024 ஜனவரி 24 அன்று அறிவிக்கப்பட்ட கோளாறு ஒன்றினால், பழைய பதிப்புகளில் வெளியிலிருந்து சேர்வரின் கோப்புகளை வாசிக்க வழியிருந்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்பில் 2.426.3இலும் வாராந்தப் பதிப்பில் 2.442இலும் அது சரிசெய்யப்பட்டது. உங்கள் சேர்வர் அதற்கு முந்தைய பதிப்பில், இணையத்துக்குத் திறந்த நிலையில் ஓடியிருந்தால், பதிப்பை உயர்த்துவதோடு நின்றுவிடாமல் அதிலிருந்த சாவிகள், டோக்கன்கள் அனைத்தையும் கிட்ஹப் பக்கத்தில் இரத்துச் செய்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். புதியவற்றின் காலாவதித் தேதிகளை அலுவலகத்தின் பொது நாட்காட்டியில் இரண்டு வாரம் முன்கூட்டியே நினைவூட்டுமாறு பதிந்து, நினைவூட்டல் ஒருவருக்கு மட்டும் போகாமல் குறைந்தது இருவருக்குப் போகும்படி வையுங்கள்.